மூடி வைத்தால் போதுமா?

மழை வருகிறது. கையிலுள்ள பொருள் நனைந்துவிடுமே என்று அஞ்சி, உடனே அதன்மேல் எதையாவது போட்டு மூடுகிறோம். இது நாம் யாரிடமும் கற்காமலே செய்யும் காரியம். வடகத்தை மூடுகிறோம், விறகை மூடுகிறோம், சைக்கிளை மூடுகிறோம். மூடிய பிறகு கவலையின்றி உறங்கச் செல்கிறோம். ஆனால் மாதக்கணக்கில் மழை பெய்யும் ஊரில், மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிற்க வேண்டிய பொருளுக்கு, மூடி வைத்தால் போதுமா? போதாது, சில வேளைகளில் மூடுவதே கேடாகவும் முடியும். இதனை ஒரு வண்டியின் வாயிலாக நான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்துக்குக் கட்டணம் செலுத்தியவர் வேறொருவர். ஆதலால் அதனை நம் மன்றத்து நண்பர்களுக்கு எழுதி வைப்பது என் கடமை என்று எண்ணுகிறேன்.

வீடும் வண்டியும் ஒன்றானது

நம் முன்னோர் திருவிழாவுக்கும் தீர்த்தத்துக்கும் கூண்டு வண்டி கட்டிப் போனார்கள். வைக்கோல் மெத்தை, கட்டுச்சோறு, தண்ணீர்ச் செம்பு எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். அந்தக் கூண்டு வண்டியின் பேரப்பிள்ளை என்று இன்றைய கேரவனைச் சொல்லலாம். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய உல்லாச மோட்டார் வண்டி அது. மேனாடுகளில் நெடுநாளாகப் பழகிய இந்த வண்டியை நம் பக்கத்துக்கும் கொண்டுவரக் கேரள அரசின் சுற்றுலாத் துறை 2021-ஆம் ஆண்டில் ‘கேரவன் கேரளா’ என்னும் திட்டத்தை வெளியிட்டது. 2022-இல் இடுக்கி மாவட்டத்து வாகமணில் முதற் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. நெல் ஏற்றிய கெட்டுவள்ளம் 1990-களில் சுற்றுலாப் படகு வீடாக மாறியது போல, வண்டியும் வீடாக மாறட்டும் என்பது நோக்கம்.

இவ்வகை வண்டிகளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. லாரியும் பஸ்ஸும் நாள்தோறும் ஓடுகின்றன. இவையோ ஆண்டில் சில மாதங்களே ஓடுகின்றன. டிசம்பர் முதல் மார்ச்சு வரை பயணிகள் கூட்டம். ஜூன் பிறந்தால் வண்டி முற்றத்தில் நின்றுவிடும். ஓடும் வண்டி தேய்கிறது என்பார்கள். நிற்கும் வண்டி அதைவிட விரைவாகக் கெடுகிறது என்பதைப் பலர் அறியார்.

நான் ஸ்ரீகாரியத்தில் ஒரு வீட்டின் மாடியறையில் தங்கிக் காரியவட்டம் வளாகத்தில் வேதியியல் படிக்கிறேன். கீழே குடியிருப்பவர் எங்கள் பக்கத்திலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் இங்கே வந்து, இடையில் வளைகுடா நாட்டிலும் உழைத்துத் திரும்பியவர். நான் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். உழைத்துச் சேர்த்ததையும் வங்கிக் கடனையும் சேர்த்துப் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கேரவனாக மாற்றி வாடகைக்கு விட்டு வந்தார். சென்ற ஆண்டு மே மாத இறுதியில், “தம்பி, மழை தொடங்கப் போவுது. வண்டிய என்ன செய்யலாம்?” என்று கேட்டார்.

நான் சிறிதும் தயங்கவில்லை. எங்கள் ஊர் கோவில்பட்டிக்கு அருகே. கரிசல் காட்டில் டிராக்டரைத் தார்ப்பாயால் இறுகச் சுற்றிக் கட்டி வைப்போம். ஆண்டுக்கணக்கில் ஒரு கேடும் வந்ததில்லை. அதையே சொன்னேன். தடித்த பிளாஸ்டிக் பாய் வாங்கி, கூரை முதல் சக்கரம் வரை மூடி, கயிறு போட்டு வரிந்து கட்டினோம். ஒரு துளி நீர் உள்ளே போக வழியில்லை என்று இருவரும் மகிழ்ந்தோம்.

ஓணத்துக்கு ஒரு குடும்பம் வண்டியைப் பேசி முன்பணமும் கொடுத்திருந்தது. ஓணத்துக்குப் பத்து நாள் முன்னதாகப் பாயை அவிழ்த்தோம். கதவைத் திறந்தவுடன் வந்த வாடையை என்னால் மறக்க முடியாது. மெத்தை முழுவதும் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். ஒட்டுப்பலகை அலமாரிகள் ஊதி, கதவுகள் சாத்த வரவில்லை. கூரையின் உட்புறம் முத்து முத்தாக நீர். அடிப்பாகத்தில், நாங்கள் விட்டபோது புள்ளியாக இருந்த துரு, உள்ளங்கை அகலம் விரிந்திருந்தது. பேட்டரி உயிரற்றுக் கிடந்தது. மேலே போட்ட பாயில் ஒரு கிழிசலும் இல்லை!

அண்ணாச்சி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. “நீ படிச்ச பிள்ள, நீ சொன்னதத்தான் செஞ்சோம்” என்று மட்டும் சொன்னார். கடிந்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

நீர் எங்கிருந்து வந்தது?

மழை நீர் உள்ளே புகவில்லை. அப்படியானால் அத்தனை ஈரமும் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்தும் தரையிலிருந்தும் வந்தது.

காற்றில் நீராவி கலந்திருக்கிறது. சூடான காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். 30 பாகைச் செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. 24 பாகையில் ஏறக்குறைய 22 கிராம்தான் தாங்கும். காற்று தாங்கக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு நிறைந்திருக்கிறதோ, அதனையே ஈரப்பதம் என்கிறோம். இங்கே மழைக்காலத்தில் ஈரப்பதம் 80-ஐ எளிதில் தொடும். அதாவது, 30 பாகைக் காற்றில் கனமீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கும். இரவில் வண்டியின் தகரம் 24 பாகைக்குக் குளிர்ந்தால், அதனைத் தொடும் காற்று 22 கிராமுக்கு மேற்பட்டதைக் கீழே போட வேண்டியதுதான். அதுவே தகரத்தில் படியும் பனிநீர். குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே விதிப்படிதான்.

அண்ணாச்சியின் வண்டிக்குள் சுமார் 15 கனமீட்டர் காற்று இருக்கும். கனமீட்டருக்கு இரண்டு கிராம் என்றால் 30 கிராம் நீர், இரண்டு மேசைக்கரண்டி அளவு. “இவ்வளவுதானா?” என்று கேட்கலாம். ஒரே ஒருமுறை என்றால் இவ்வளவுதான். ஆனால் நாங்கள் மூடியது வண்டியை மட்டுமா? அதன் கீழிருந்த ஈரமண்ணையும் சேர்த்தல்லவா மூடினோம்! பகலில் வெயில் சிறிது எட்டிப் பார்த்தால் பாய்க்குள் வெப்பம் ஏறுகிறது. மண்ணிலிருந்து நீர் ஆவியாகி மேலே வருகிறது. வெளியே போக வழியின்றி நிரம்புகிறது. இரவில் பாய் குளிர்கிறது. ஆவி நீராகி வண்டியின்மேல் சொட்டுகிறது. மறுநாள் மீண்டும் ஆவியாதல், மீண்டும் சொட்டுதல். இட்டிலிக் கொப்பரையின் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் வண்டியை மழையிலிருந்து காக்கவில்லை. கொப்பரைக்குள் வைத்து மூன்று மாதம் அவித்தோம்.

கரிசற்காட்டில் இவ்வாறு நிகழாதது ஏன்? மேற்குத் தொடர்ச்சி மலை இந்தப் பருவமழையை மறித்துவிடுவதால், ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே வீசுவது பெரும்பாலும் வறண்ட காற்று, மண்ணும் வறண்டது. பாய்க்குள் சிக்கும் ஈரம் அற்பம். திருவனந்தபுரத்தில் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். கேரளத்தின் வட மாவட்டங்களோடு ஒப்பிட்டால் இது குறைவே. ஆயினும் தென்மேற்குப் பருவம் ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவம் தொடங்கிவிடுவதால், ஜூன் முதல் நவம்பர் வரை மண் உலர நேரமே கிடைப்பதில்லை. ஒரு மண்ணில் பிறந்த அறிவை, மலை கடந்து இன்னொரு மண்ணுக்கு அப்படியே கொண்டுவந்ததுதான் என் பிழை.

துருவும் உப்பும் பூஞ்சணமும்

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் வேண்டும். ஆனால் நீர் கண்ணுக்குத் தெரியும்படி நிற்க வேண்டுமென்பதில்லை. ஈரப்பதம் 60 அளவைத் தாண்டினாலே, இரும்பின்மேல் கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் போதிய அளவு படர்ந்து துரு விரைகிறது. துரு, தான் உண்ட இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைப்பது. ஆகவே வண்ணப்பூச்சைக் கொப்புளமாக உயர்த்தி உடைக்கிறது. உடைந்த வழியே ஈரம் இன்னும் உள்ளே செல்கிறது.

இதற்குத் துணையாக வருவது கடலுப்பு. சங்குமுகத்திலும் வேளியிலும் அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று உள்ளூருக்குச் சுமந்து வருகிறது. கறியுப்பு, ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு ஈரப்பதம் 33 இருந்தாலே போதும். எனவே உப்புப் படிந்த தகரம், வானம் வெளுத்திருக்கும் நாளிலும் நனைந்தே இருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் துருவின் வேலையும் எளிதாகிறது. நிறுத்துவதற்குமுன் வண்டியை நல்ல நீரில் கழுவ வேண்டும் என்பது அழகுக்காக அன்று.

பூஞ்சணத்தின் கதை வேறு. அதன் வித்துகள் எல்லாக் காற்றிலும் எப்போதும் மிதக்கின்றன. அவற்றை ஒழிக்க இயலாது. துணி, தோல், மரம், ஒட்டுப்பலகை, ஏன், மெத்தையில் ஒட்டிய நம் வியர்வை அழுக்கு, எல்லாமே அவற்றுக்கு உணவு. குறைவது நீர் ஒன்றே. பொருளின் மேற்பரப்பில் ஈரப்பதம் 80 அளவில் நாட்கணக்காக நீடித்தால் அவை முளைத்துவிடும். ஆகவே நம் முயற்சி முழுவதும், ஈரம் தொடர்ந்து நீடிக்கவிடாமல் இடையிடையே அறுப்பதில் இருக்க வேண்டும்.

வள்ளப்புரை சொன்ன பாடம்

ஊதிப்போன அலமாரிகளைச் சரிசெய்ய, அம்பலப்புழைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் முதிய ஆசாரி ஒருவரை அண்ணாச்சி அழைத்து வந்தார். அவர் இளமையில் வள்ளம் கட்டும் இடங்களில் வேலை பார்த்தவர். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். “வள்ளத்தை யாராவது பாயில் சுற்றிக் கட்டி வைப்பார்களா?” என்று மலையாளத்தில் கேட்டார். அந்த ஒரு கேள்வி எனக்கு வகுப்பறையாயிற்று.

ஆலப்புழையில் நேரு கோப்பைக்காக ஓடும் சுண்டன் வள்ளங்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். 1952-ஆம் ஆண்டில் நேரு அங்கே வந்ததன் நினைவாக ஏற்பட்ட பந்தயம் அது. ஆஞ்சிலி மரத்தால் ஆன, நூறடிக்கும் மேல் நீண்ட அந்த வள்ளங்கள் நீரில் ஓடுவது ஆண்டில் சில வாரங்களே. எஞ்சிய காலம் முழுவதும் வள்ளப்புரையில்தான் ஓய்வு. ஆறன்முளைப் பள்ளியோடங்களுக்கும் இத்தகைய புரைகள் உண்டு. புரை என்றால் என்ன? மேலே கூரை, நாற்புறமும் திறப்பு. வள்ளம் தரையில் படாமல் தாங்குகளின்மேல் உயர்ந்திருக்கும். மரத்துக்கு மீனெண்ணெய் பூசியிருப்பார்கள். மழையைக் கூரை தடுக்கிறது. ஈரத்தைக் காற்று அகற்றுகிறது. தரையின் ஈரத்தைத் தாங்கு விலக்குகிறது. மரத்துக்குள் நீர் ஊறுவதை எண்ணெய் தடுக்கிறது. நான்கு பகைக்கு நான்கு காவல்!

நகரத்துக்குள்ளேயே இன்னொரு சான்று உண்டு. சிஷோம் என்ற ஆங்கிலச் சிற்பி வடிவமைத்து 1880-இல் முடிந்த நேப்பியர் காட்சிசாலைக்கு நம்மில் பலர் போயிருப்போம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்தவரும் இவரே. உயர்ந்த கூரையும் காற்று தானே ஓடும்படியான அமைப்பும் அக்கட்டடத்தின் சிறப்பு. பழைய மரச்சிற்பங்களும் கோயில் தேரும் அங்கே இருக்கின்றன. மலையாள நாட்டு மரவீடுகளின் தாழ்ந்த இறவாரமும் அழிக்கதவும் இதே கருத்தில் பிறந்தவைதான். மழைக்கு முகத்தைக் காட்டாதே. காற்றுக்கு முதுகைக் காட்டாதே என்பது இந்த நாட்டுத் தச்சர்களின் கொள்கை போலும்.

வண்டியை நிறுத்தும் முறை

நிற்க. இனி, கேரவனோ வேறு வண்டியோ மழைக்காலத்தில் நிறுத்தி வைப்பவர் செய்ய வேண்டுவன யாவை என்று காண்போம்.

முதலாவது இடம். 2023 அக்டோபரில் ஒரே இரவு மழையில் இந்நகரின் தாழ்ந்த பகுதிகள் பல நீரில் மூழ்கியதை மறக்கலாகாது. எனவே மேடான இடம் வேண்டும். மண்தரையானால் சரளையோ கல்லோ பரப்ப வேண்டும். வண்டி ஒரு பக்கம் சிறிது சாய்ந்து நின்றால் கூரைமேல் நீர் தேங்காது. மரத்தடி ஆகாது, தென்னையடி அறவே ஆகாது. 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய், காற்றுத் தடையைக் கணக்கிடாவிட்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கூரையைத் தாக்கும். இது நியூட்டன் விதிப்படி போட்ட கணக்கு. தேங்காய் தப்பினாலும் மட்டை தப்பாது. மட்டை தப்பினாலும் சருகு விழுந்து நீர்த்தாரையை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது கூரை. நான்கு கால் நட்டுத் தகரக்கூரை போடுவதே சிறந்தது. வண்டிக்கும் கூரைக்கும் இடையில் குறைந்தது ஒரு முழம் இடைவெளி வேண்டும். மழை சாய்ந்து அடிக்கும் மேற்குப் பக்கம் மட்டும் கூரையைத் தாழ்த்தி இறக்கலாம். ஒக்கி புயல் 2017 நவம்பர் இறுதியில் இக்கடலோரத்தை உலுக்கியதை நினைத்து, கால்களை ஆழமாக ஊன்றிக் கூரையை நன்கு பிணைக்க வேண்டும். கூரை போட வசதியில்லாதவர் உறை போடலாம்; ஆனால் அது ஆவியை வெளியே விடும் நெய்த துணியாக இருக்க வேண்டும்; தரை வரை தொங்கக் கூடாது. தளர்ந்த உறை காற்றில் அடித்துக்கொண்டு, இடையில் சிக்கிய மணலால் வண்ணத்தைத் தேய்த்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது மேற்கூரையின் இணைப்புகள். கேரவனின் கூரையில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் குளிர்சாதனத்துக்குமாகத் துளைகள் பல. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பசை அடைத்திருப்பார்கள். இந்நாட்டு வெயிலின் புறஊதாக் கதிர் அந்தப் பசையை உலர்த்திப் பிளக்கிறது. கோடையின் முடிவில் ஏணி வைத்து ஏறி, விரலால் தடவிப் பார்த்து, வெடித்ததைச் சுரண்டி எடுத்துப் புதிது அடைக்க வேண்டும். பழைய பசையின்மேலேயே புதியதைப் பூசினால் பயனில்லை.

நான்காவது உட்புறம். தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி இரண்டையும் முற்றிலும் வடித்துவிட வேண்டும். குளிர்ப்பெட்டியைத் துடைத்து, கதவைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். அலமாரிக் கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும். மெத்தையையும் திரைச்சீலையையும் வீட்டுக்குள் கொண்டுபோவது நலம். இயலாவிட்டால் மெத்தையைச் சுவரில் ஒட்டாமல் நிமிர்த்தி வைக்கலாம்.

ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். காற்றுப் புகாத பெட்டிக்குள் அது நன்று. வண்டியோ காற்றுப் புகாத பெட்டி அன்று. 15 கனமீட்டர் காற்றில் சுமார் 360 கிராம் நீராவி இருக்கிறது. சந்துகள் வழியே காற்று ஒவ்வொரு முறை மாறும்போதும் புதிதாக 360 கிராம் வருகிறது. டப்பா எத்தனை நாள் தாங்கும்? ஒரு சிறிய அலமாரியை வேண்டுமானால் அது காக்கலாம்.

வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது சன்னலைத் திறப்பதால் என்ன பயன் என்பது நியாயமான கேள்வி. விடை நேரத்தைப் பொறுத்தது. விடியற்காலையில் ஈரப்பதம் மிக உயர்ந்து, நண்பகலில் தாழ்கிறது. ஆகவே வெயில் எட்டிப் பார்க்கும் நண்பகலில் எல்லாக் கதவும் திறந்து, மாலையில் சாத்த வேண்டும். வெயிலே வராத வாரங்களில் சிறிது வெப்பம் கை கொடுக்கும். 26 பாகையில் 90 ஈரப்பதமுள்ள காற்றை 29 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 76-க்கு இறங்கிவிடுகிறது. நீர் ஒரு சொட்டும் குறையவில்லை. காற்றின் தாங்கும் ஆற்றல் கூடியது, அவ்வளவே. பழைய வீடுகளில் துணி அலமாரிக்குள் குண்டு பல்பு எரிய விட்டதன் இரகசியம் இதுவே. துணியும் மரமும் பல்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் இல்லாதபோது எரிய விடக் கூடாது. இன்றைய எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அதில் வெப்பம் மிகக் குறைவு.

ஐந்தாவது சக்கரமும் பேட்டரியும் எண்ணெயும். மாதக்கணக்கில் ஒரே நிலையில் சுமை தாங்கும் டயர், அடியில் தட்டையாகிறது. காற்றை நிறைவாக அடித்து, இரண்டு வாரத்துக்கொரு முறை வண்டியைச் சிறிது நகர்த்த வேண்டும்; அல்லது அச்சுக்குக் கீழே தாங்கு கொடுக்க வேண்டும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2322 என்றிருந்தால் அது 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமலே டயர் முதுமை அடையும் என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

ஈயப் பேட்டரி, பயன்படுத்தாவிட்டாலும் தானே மின்னை இழக்கும். வெப்பம் மிகுந்தால் இழப்பும் மிகும். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாது. 12.4-க்குக் கீழ் வந்தால் மின்னேற்ற வேண்டும். விட்டுவிட்டால் தகடுகளில் ஈய சல்பேட்டு இறுகிப் படிந்து, பின்னர் எதற்கும் அசையாது. இணைப்பைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை ஏற்றினால் போதும்.

டீசல் தொட்டியை ஏறத்தாழ நிறைத்து வைக்க வேண்டும். பாதித் தொட்டியில் எஞ்சிய வெளியில் காற்று நிற்கும். காற்றிலிருந்து நீர் படியும். நீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். எலி வயரைக் கடிக்காமலிருக்க, வண்டிக்குள் ஒரு பருக்கை உணவும் இருக்கலாகாது. அடியிலுள்ள துளைகளைக் கம்பி வலையால் அடைக்கலாம்.

ஆறாவதும் எல்லாவற்றினும் பெரியதும், கண். வாரம் ஒருமுறை வண்டிக்குள் ஏறி, மூக்கால் முகர்ந்து, கையால் மூலைகளைத் தடவிப் பார்க்கும் மனிதனுக்கு ஈடான காப்பு வேறில்லை. பூஞ்சணம் தொடங்கிய அன்றே, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, நீர் கலந்த வினிகரால் துடைத்து உலர்த்தினால் அது ஒரு துணியோடு போகும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அது மெத்தையோடு போகும்.

இந்த ஆண்டு

இந்த ஆண்டு மே மாதத்தில் அண்ணாச்சி மறுபடியும் என்னிடமே வந்தார். “தம்பி, இந்த வருசம் என்ன செய்யலாம்?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. “அண்ணாச்சி, முதல்ல ஆசாரிகிட்டக் கேட்போம்” என்றேன். மூவருமாகக் கூடிக் கூரை போட்டோம். சரளை பரப்பினோம். பழைய பாயை விறகின்மேல் போட்டோம். அதுவும் பக்கங்களைத் திறந்துவிட்டுத்தான். ஞாயிறுதோறும் வண்டியைத் திறந்து பார்ப்பது என் வேலையாயிற்று. ஜூலையில் ஓர் அலமாரியின் பின்புறம் சிறிது பூஞ்சணம் கண்டது. துடைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்தோம். மீண்டும் வரவில்லை. ஓணத்துக்கு வண்டி புறப்பட்டது. வாசலில் நின்று அண்ணாச்சி அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோரிடம் கேரவன் இல்லை. ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விடுதியில் நிறுத்திவிட்டுப் போகும் மோட்டார் சைக்கிள் உண்டு. கட்டிலடியில் தகரப்பெட்டி உண்டு. பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டிய சான்றிதழ்களும் புத்தகங்களும் உண்டு. மலைக்கு அப்பாலிருந்து வந்த நாம், நம் ஊர்ப் பழக்கப்படி அவற்றை இறுக மூடிவிட்டுப் போகிறோம். திரும்பி வந்து திறக்கும்போது வரும் வாடை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அடுத்த முறை புறப்படுமுன் புத்தகங்களை வெயிலில் உலர்த்துங்கள். பெட்டியைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் சிறிது விலக்கி வையுங்கள். வண்டிமேல் பிளாஸ்டிக்கைச் சுற்றாதீர்கள். ஊரில் தங்கிவிடும் நண்பர் ஒருவரிடம் அறையின் சாவியைக் கொடுத்து, வெயில் வரும் நாளில் சன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

வந்த ஊரின் காற்றை அறிந்துகொள்வதும் ஒரு படிப்புத்தான். அதற்குரிய ஆசிரியர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் இருக்கிறார்கள்.